எலுமிச்சைக்கு ஒரு பிடி

பெருந்துறை
12 ஜனவரி 2025

பூங்கொடிக்கு,

போன் பண்ணாதீங்க என்றுதான் சொல்லிவிட்டுப் போனாய். எழுதாதீங்க என்று சொல்லவில்லை. அந்தச் சந்தில் நுழைந்துதான் இந்த மெயிலை எழுதுகிறேன். போனில் தமிழ் தட்டப் பழகவே எனக்கு ஒரு வாரம் ஆகிவிட்டது. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்.

இங்கே எல்லாம் அப்படியேதான். காலையில் உரக்கடையைத் திறக்கிறேன், சாயங்காலம் மூடுகிறேன். டிஏபி உரம் வரத்தே இல்லை. லோடு வருகிற அன்று ஊரே கடைவாசலில் நிற்கிறது. "ஏனுங்க மோகனுங்க, நாங்க மண்ணத் தின்னுட்டா மஞ்சள் வெளைய வெக்கிறது?" என்று நேற்று ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். எங்கேயோ பாலைவனத்தில் பாறையை வெட்டிக் கப்பலில் ஏற்றினால்தான் நம் ஊர்க் காட்டுக்குப் பாஸ்பரஸ். அதை நானா பிடித்து வைத்திருக்கிறேன்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எலுமிச்சைக்கு உடம்பு சரியில்லை.

தோட்டத்து ஈசானி மூலையில், லாஸ்யாவைப் படுக்கவைத்த இடத்தில் நான் நட்ட செடி. காய்ச்சலில் பிள்ளை போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. சின்னப் பிள்ளைகளுக்கு நம்மில் கல் நடுவதில்லை என்று உனக்குத் தெரியும். ரெண்டு மழைக்கு மண்ணும் சமமாகிவிட்டது. இப்போது அந்த இடத்துக்கு அடையாளம் அந்தச் செடி ஒன்றுதான். அது போய்விட்டால் எந்த இடம் என்று எனக்கே தெரியாமல் போய்விடும் அம்மணி. எனக்குப் பயமாக இருக்கிறது.

கொழுந்து இலையெல்லாம் மஞ்சள். நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. வேறு யாராவது இந்த இலையைப் பறித்துக்கொண்டு கடைக்கு வந்திருந்தால் உட்கார்ந்த இடத்திலிருந்தே பதில் சொல்லியிருப்பேன். இதற்கு மட்டும் எனக்கு ஒன்றுமே ஓடவில்லை. நீ பொழுதுக்கும் பாஸ்பரஸைத்தானே அளக்கிறாய். என்ன செய்யலாம் என்று ஒரு வரி எழுது.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

மோகன்

•

கயேன், பிரெஞ்சு கயானா
2 பிப்ரவரி 2025

ஏனுங்க,

அந்தச் செடியை எனக்குத் தெரியாது. நான் அதைப் பார்த்ததில்லை.

ஏன் பார்க்கவில்லை என்று நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இருந்தாலும் எழுதிவிடுகிறேன். உங்கள் செங்கோட்டையன் பெரியப்பா வாசலில் கையைக் குறுக்கே நீட்டினார். "பொம்பளைங்க அங்கெல்லாம் வரப்படாது கண்ணு, ஊட்டுக்குள்ள போ" என்றார். நீங்கள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றீர்கள். என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லை, போய்விட்டீர்கள். காரியமெல்லாம் முடிந்தபிறகு, "இப்ப வந்து பாரு" என்று கூப்பிட்டீர்கள். பெற்றவள் அன்றைக்கு வரக்கூடாத இடத்துக்கு, அப்புறம் விருந்தாளி மாதிரி எதற்கு வர வேண்டும்?

என் வேலையைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் சொல்கிறேன். கடலோரக் குன்றின்மேல் ஒரு கோபுரம். தினமும் ஏறி, காற்றுத் தூசியைப் பிடிக்கிற வடிதாளை மாற்றுவேன். வெள்ளையாக வைத்த தாள் சகாரா தூசி வருகிற நாட்களில் செம்மண் நிறத்தில் இருக்கும். அட்லாண்டிக் கடலைத் தாண்ட அந்தத் தூசிக்கு ஒரு வாரம் ஆகும். அதில் எவ்வளவு பாஸ்பரஸ் என்று பார்ப்பது என் வேலை. இங்கிருந்து அமேசான் வரைக்கும் காடுகளின் மண் சத்தில்லாத மண். இருப்பதையும் மழை ஆற்றுக்கு அடித்துக்கொண்டு போய்விடும். போவதை ஈடுகட்டுவது ஏறக்குறைய இந்தத் தூசிதான் என்று ஒரு கணக்கு இருக்கிறது.

நன்றாக இருக்கிறேனா என்று தெரியவில்லை. காதில் பஞ்சு அடைத்த மாதிரி இருக்கிறது. பசிக்கிறது, சாப்பிடுகிறேன். வேலையை இன்னும் இரண்டு வருஷம் நீட்டித்துத் தருகிறார்கள். மே மாதத்துக்குள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். திரும்பி வந்து செய்ய எனக்கு அங்கே ஒன்றும் இல்லை.

இலை மஞ்சளானால் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். இதை உங்களுக்குச் சொல்ல நான் தேவையில்லை.

பூங்கொடி

•

பெருந்துறை
20 பிப்ரவரி 2025

பூங்கொடிக்கு,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேனோ தெரியாது. "செய்ய ஒன்றும் இல்லை" என்ற இடம் வந்தால் போனைக் கீழே வைத்துவிடுவேன். அப்புறம் மறுபடியும் எடுப்பேன்.

பெரியப்பா சொன்னதற்கு நான் என்ன பண்ணட்டும்? அன்றைக்கு எனக்குக் காது இருந்ததா, வாய் இருந்ததா என்றே தெரியவில்லை. யாரோ நடக்கச் சொன்னார்கள், நடந்தேன். யாரோ இறக்கச் சொன்னார்கள், இறக்கினேன். அவர் உன்னைக் கொண்டுபோய்க் கிணற்றில் தள்ளச் சொல்லியிருந்தாலும் தலையை ஆட்டியிருப்பேனோ என்னவோ. இது ஒரு பதிலா என்று நீ கேட்பாய். இல்லைதான்.

மண்ணை எடுக்கச் சொல்கிறாய். எப்படி எடுப்பேன் சொல்லு. ஒரு நாள் மண்வெட்டியோடு போய் நின்றேன். அந்த இடத்தில் மண்வெட்டியைப் போட என் கை வருமா? பக்கத்துத் தோட்டத்து வேலன் எருமையைப் பிடித்துக்கொண்டு போனவர், "ஏனுங்க, தண்ணி கட்டோணுங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வரப்பைச் சும்மா வெட்டிப்போட்டு வந்துவிட்டேன்.

செடி பசியில் கிடக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பிள்ளையும் அப்படித்தானே, வாயைத் திறந்து பசிக்கிறது என்று சொல்லவே மாட்டாள். எலுமிச்சையை நறுக்கிக் கொடுத்தால் மட்டும் உப்புத் தொட்டு நக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பாள்.

உன் காட்டுக்கு ரொம்பக் கொடுத்துவைத்திருக்கிறது. டீலர் கிடையாது, ஆதார் அட்டை கிடையாது, வரிசை கிடையாது. காற்றே வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகிறது.

கையெழுத்துப் போடுமுன் ஒரு தடவை யோசி. யோசித்தேன் என்று எனக்குச் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.

மோகன்

•

கயேன்
9 மார்ச் 2025

ஏனுங்க,

மூன்று நாளாக இங்கே வானமே தெரியவில்லை. பால்கலந்த டீ மாதிரி இருக்கிறது. இந்தப் பருவத்தில் இதுதான் பெரிய தூசி. தாளைக் கழற்றினால் விரலில் ஒட்டுகிறது. கூட வேலை செய்கிறவர்கள் குழந்தைகள் மாதிரி சந்தோஷப்பட்டார்கள். நான் தாளை மடித்து, உறையில் போட்டு, தேதி எழுதிவிட்டு அறைக்கு வந்து தூங்கிவிட்டேன்.

இந்தத் தூசி எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். சாட் நாட்டில் ஒரு காலத்தில் பெரிய ஏரி இருந்தது. பல ஆயிரம் வருஷங்களுக்கு முன் வற்றிவிட்டது. அதில் வாழ்ந்த மீன்களின் எலும்பும் செதிலும் பொடியாகி அந்த மண்ணோடு கிடக்கின்றன. இரண்டு மலைகளுக்கு நடுவில் பாய்ந்து வரும் காற்று அதையும் வாரிக்கொண்டு கிளம்புகிறது. இங்கே விழுகிற பாஸ்பரஸில் எவ்வளவு அந்த ஏரியுடையது, எவ்வளவு ஆப்பிரிக்காவில் எரியும் காடுகளின் புகையிலிருந்து வந்தது என்று எங்களுக்குள் இன்னும் சண்டைதான். ஆனால் எலும்பு இருப்பது நிஜம்.

அதை முதலில் படித்த அன்று எனக்கு லாஸ்யாவின் பல் ஞாபகம் வந்தது. முதல் பல் விழுந்ததும் சாணியில் பொதிந்து கூரைமேல் எறியக் கொடுத்தோமே, அது ஓட்டில் பட்டுத் திரும்பி அவள் தலையிலேயே விழுந்தது. ஒரு பால்பல்லில் எவ்வளவு பாஸ்பரஸ் இருக்கும் என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியும். உட்கார்ந்து போட்டேன். விடை வந்தது. அழுகை வரவில்லை. நான் என்ன ஜென்மம் என்று எனக்கே புரியவில்லை.

இப்போது நேராகக் கேட்கிறேன். கொழுந்து மட்டும் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. அது பசி இல்லைங்க. பாஸ்பரஸ் அளவுக்கு மிஞ்சினால் வேர் இரும்பையும் துத்தநாகத்தையும் எடுக்க முடியாமல் போகும். அப்போது இப்படித்தான் ஆகும். கடையில் இதையே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறீர்கள். "அளவாப் போடுங்க, அள்ளிக் கொட்டாதீங்க" என்று நீங்கள் கத்துவது எனக்கு இங்கேயும் கேட்கிறது. நீங்கள் அந்தச் செடிக்கு என்ன போட்டீர்கள்? எவ்வளவு?

இந்தக் காட்டுக்கு ஏக்கருக்கு வருஷம் பத்து கிராம்கூட விழுவதில்லை. அதை வைத்துத்தான் வானத்தை மறைக்கிற மரமெல்லாம் நிற்கின்றன.

மண்வெட்டி வேண்டாம். செடியைவிட்டு ஒரு முழம் தள்ளி, கையால் மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு, ஒரு சாண் ஆழத்துக்கு மட்டும் எடுங்கள். அவளுக்கு ஒன்றும் ஆகாது.

பூங்கொடி

•

பெருந்துறை
13 ஏப்ரல் 2025

பூங்கொடிக்கு,

நீ சொன்ன மாதிரியே கையால் எடுத்தேன். கடைசி வரி மட்டும் மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. அதனால்தான் எடுக்க முடிந்தது.

மண் பரிசோதனை நிலையத்தில் லட்சுமிநாராயணன் சாரை உனக்கு ஞாபகம் இருக்கும், எப்போது பார்த்தாலும் ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்திருப்பாரே, அவர்தான். முடிவைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க மோகன், மண்ணக் குடுக்கச் சொன்னா உரமூட்டையிலிருந்தே அள்ளிட்டு வந்துட்டீங்களா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். "எவனுங்க இந்தக் கிறுக்கன்? நீங்க அனுப்பற ஆளுங்கள்ள இப்படி ஒருத்தனை நான் பாத்ததே இல்லீங்க" என்றார். ஒரு கஸ்டமர் என்று சொன்னேன்.

சூப்பர் பாஸ்பேட். எவ்வளவு என்று கேட்டாய். எனக்கே தெரியாது. கடையைச் சாத்தும்போது, கிழிந்த மூட்டையிலிருந்து சிந்தியதைக் கூட்டி ஒரு பிடி அள்ளிக்கொள்வேன். அநேகமாகத் தினமும். நட்ட நாளிலிருந்து.

நீ திட்டுவதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். கடையிலிருந்து வந்தால் அவள் என் முகத்தைப் பார்க்கவே மாட்டாள். நேராகக் கையைத்தான் பார்ப்பாள், அப்புறம் சட்டைப் பையில் கையை விடுவாள். ஒரு கடலை மிட்டாயாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால், "என்னப்பா, வெறுங்கையோட வந்துட்டே?" என்று பெரிய மனுஷி மாதிரி கேட்பாள். பிள்ளை இருக்கிற இடத்துக்கு வெறுங்கையோடு போகிற பழக்கம் எனக்கு இல்லை பூங்கொடி. மிட்டாயை அங்கே கொண்டுபோய் வைத்தால் எறும்புதான் தின்னும், பார்க்கிறவர்கள் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள். கடையில் இருப்பது உரம். செடிக்கு உரம் போட்டால் யார் என்ன கேட்கப் போகிறார்கள்?

தெரியாதா என்று கேட்காதே. எனக்குத் தெரியும். அக்ரி படித்தவன், ஊருக்கே அளவு சொல்கிறவன். போடுகிற கை மட்டும் கேட்கவில்லை.

ஆசையாக வைத்த செடியை நானே கொன்றுகொண்டிருக்கிறேன். பிழைக்க வழி இருந்தால் சொல்லு. இல்லை என்றாலும் சொல்லிவிடு.

மோகன்

•

கயேன்
14 ஏப்ரல் 2025

பைத்தியமுங்களா நீங்க?

இதற்குமேல் இன்று எழுத முடியவில்லை. கோபுரத்தில் ஏறவில்லை. இன்றைய தாளை வேறு யாரையோ மாற்றச் சொல்லிவிட்டேன். இந்த ஊருக்கு வந்தபிறகு முதல் தடவையாக வாய்விட்டு அழுதேன். பக்கத்து அறைப் பெண் வந்து கதவைத் தட்டினாள். அவளுக்கு என்ன சொல்வது? என் வீட்டுக்காரர் பிள்ளைக்கு மிட்டாய் என்று உரத்தை அள்ளிப் போட்டிருக்கிறார் என்று எந்தப் பாஷையில் சொல்வது?

பூங்கொடி

•

கயேன்
4 மே 2025

ஏனுங்க,

போட்ட பாஸ்பரஸைத் திருப்பி எடுக்க மருந்து கிடையாது. மண் அதைப் பிடித்துக்கொண்டு விடாது. ஒரே வழிதான் உண்டு. இன்னொரு பயிரை விட்டு உறிஞ்ச வைத்து, அந்தப் பயிரை அங்கிருந்து அப்புறப்படுத்த வேண்டும். செடியைச் சுற்றித் தீவனச் சோளத்தை நெருக்கமாக விதையுங்கள். தண்ணீரைத் தவிர எதுவும் போடக்கூடாது. பச்சையிலேயே அடியோடு அறுத்து வெளியே கொண்டுபோய்விட வேண்டும். ஒரு தோகைகூட அங்கே மக்கக் கூடாது. மறுபடி விதைக்க வேண்டும், மறுபடி அறுக்க வேண்டும். வருஷக்கணக்கில் ஆகும். எலுமிச்சைக்கு இரும்பையும் துத்தநாகத்தையும் இலைமேல் தெளியுங்கள். அளவு உங்களுக்குத் தெரியும், கை கேட்க வேண்டும், அவ்வளவுதான். பிழைக்குமா என்று கேட்டால் தெரியாது.

நீங்கள் தினமும் அங்கே போகிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. காரியம் முடித்துவிட்டுக் கடையைத் திறந்துவிட்டார் என்று உங்கள்மேல் எனக்கு அத்தனை வெறுப்பு இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. அது போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன்.

இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடவில்லை. அடுத்த தூசிப் பருவத்துக்கு மட்டும், ஜனவரியில் இங்கே திரும்பி வருவதாகச் சொல்லியிருக்கிறேன். நடுவில் இருக்கிற மாதங்களை என்ன செய்வேன் என்பது நீங்கள் சொல்வதைப் பொறுத்தது.

நான் அந்தச் சோளத்தை அறுக்க வேண்டும். நான்தான் அறுக்க வேண்டும், ஆள் வைத்து அல்ல. ஆனால் இன்னொரு தடவை அந்த வாசலில் யாரோ கையை நீட்ட, நான் நின்று, நீங்கள் திரும்பிப் பார்த்துவிட்டுப் போகிற கதை நடக்கக் கூடாது. அதைத் தாங்க என்னால் ஆகாது. நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எழுதுங்கள்.

ஒன்று மட்டும். இனி அங்கே போகும்போது வெறுங்கையோடு போங்கள். அவள் கேட்டால், அம்மா சொன்னாள் என்று சொல்லுங்கள்.

பூங்கொடி

•

பெருந்துறை
8 ஜூன் 2025

பூங்கொடிக்கு,

சோளம் முழங்கால் உயரம் வந்துவிட்டது. கரும்பச்சை. அந்தப் பச்சையைப் பார்த்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. வேலன், "என்னங்க போட்டீங்க, இப்படி வந்திருக்குது?" என்று கேட்கிறார்.

உன் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு மாதம் ஆகிவிட்டது. வாயால் சொல்லாமல், செய்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வீட்டுக்குப் போனேன். "பூங்கொடி வாராளுங்க. தோட்டத்துல புள்ளைகிட்ட இருக்கற சோளத்த அவதான் அறுக்கறா" என்றேன். அவர் வெற்றிலையை மென்றபடியே, "பொம்பளப்புள்ள அந்த எடத்துல அருவாளத் தூக்கறதாவது? ஊர்ல என்ன பேசுவாங்க? நம்ம வழக்கம்னு ஒண்ணு இருக்குதில்ல?" என்றார்.

"அவ பெத்த புள்ளைங்க பெரீப்பா. அன்னைக்கு நீங்க தடுத்தீங்க, நான் வாயை மூடிட்டுப் போயிட்டேன். இனி யாரு தடுத்தாலும் நான் அந்தப் பக்கம் நிக்க மாட்டனுங்க. அவகூடத்தான் நிப்பேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் எழுந்துபோய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். அப்புறம், "சோளத்துக்குத் தண்ணி எப்பப் பாய்ச்சறே?" என்று கேட்டார். சொன்னேன். "ம்" என்றார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

இன்னொன்று. இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. அறுத்தபின் சோளத்தட்டை எங்கே கொண்டுபோவது என்று யோசித்தேன். எரிக்க மனசு வரவில்லை. வேலன் அவருடைய எருமைக்குக் கேட்கிறார். அந்தப் பால் சொசைட்டிக்குப் போகிறது. யார் யார் வீட்டுக்கோ, எந்தெந்தப் பிள்ளைக்கோ போகும். உனக்கு ஆகாது என்றால் சொல்லிவிடு, வேறு வழி பார்க்கிறேன்.

தினமும் வெறுங்கையோடுதான் போகிறேன். முதல் நாள் பாதி வழியில் திரும்பி வந்துவிட்டேன். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இப்போது போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வருகிறேன். எலுமிச்சையில் பழைய இலை பாதிக்குமேல் உதிர்ந்துவிட்டது. புதிதாக ஒரு துளிர் வந்திருக்கிறது. அது என்ன நிறம் என்று நான் சொல்ல மாட்டேன். மறுபடியும் நான் ஆசைப்பட்டதைத்தான் பார்ப்பேன். நீ வந்து பார்த்துச் சொல்லு.

மோகன்

•

போத்தனூர்
19 ஜூலை 2025

ஏனுங்க,

நேற்றுச் சாயங்காலம் அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். நேராக வந்திருக்கலாமே என்று நினைப்பீர்கள். ஒரு நாள் இங்கே மூச்சு விட்டுக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவளுக்கு இந்த வண்டிச் சத்தத்தில்தான் தூக்கம் வருகிறது. நன்றாகத் தூங்கினேன்.

தட்டை எருமைக்கே கொடுங்கள். இதற்கு நான் ரொம்ப நாள் யோசித்தேன், அதனால்தான் பதில் எழுதவில்லை. அந்த ஏரி மீன்களை யாரும் கேட்டுக்கொண்டு கயேனுக்குக் கொண்டுபோகவில்லை. யாரோ முகம் தெரியாத பிள்ளை அந்தப் பாலைக் குடிக்கட்டும். எனக்கு அது ஆகும்.

பெரியப்பாவுக்கு நீங்கள் சொன்ன பதிலைப் படித்துவிட்டு அதற்கும் ஒன்றும் எழுதவில்லை. நேரில்கூட அதைப் பற்றிப் பேசுவேனா என்று தெரியாது. படித்தேன் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் ஏறுகிறேன். அருவாளைத் தீட்டி வைத்திருங்கள். எனக்கு அறுக்கத் தெரியாது, நீங்கள்தான் காட்டித்தர வேண்டும்.

அண்ணி காலையிலிருந்து ஒரே பிடிவாதம். "பழம் வாங்கித் தாரேன், பூ வாங்கித் தாரேன், இத்தனை நாள் கழிச்சுப் புள்ளையப் பாக்கப் போறே, எப்படி அம்மணி ஒண்ணுமே இல்லாமப் போவே?" என்கிறாள். இரண்டு தடவை கடைத்தெருவுக்குப் போய்விட்டேன். கடலை மிட்டாய்க் கடை வாசலில் ரொம்ப நேரம் நின்றேன். கடைக்காரர், "என்னங்க வேணும்?" என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு நீங்களும் எதுவும் வாங்காமல் வாங்க. நானும் வெறுங்கையோடுதான் வாரேன்.

பூங்கொடி